மரத்தில் உப்புத்தாள் போடுவது: எந்த நம்பரில் தொடங்குவது, எதில் நிறுத்துவது, கூட என்னென்ன வாங்குவது

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி தன் கையால் செய்த தேக்கு மேசையின் மேல்பலகையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்து முடித்திருந்தார். வாசல் வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பிடித்தோம். நகத்தை வெட்டிப் போட்டது மாதிரி வளைந்த கீறல்கள் பலகை முழுக்க இருந்தன. "220 போட்டு ஒரு மணி நேரம் மெஷின் ஓட்டினேன் அண்ணே, தடவிப் பார்த்தா வழவழன்னுதான் இருந்துச்சு" என்றார். அதற்கு முன்னால் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். 60 என்றார் (தாளின் நம்பர் சின்னதாக இருந்தால் சொரசொரப்பு அதிகம், பெரிதாக இருந்தால் நைசு). நடுவில் எதுவுமே போடவில்லை.

அவர் சோம்பலாக வேலை செய்யவில்லை. தேவைக்கு அதிகமாகவே தேய்த்திருந்தார். தப்பு கடையிலேயே நடந்துவிட்டது: வாங்க வேண்டிய தாளில் பாதியை வாங்கவில்லை. புதிதாகக் கற்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியை வாங்குவதற்கு முன்பிருந்தே தொடங்குகிறேன். உதாரணத்துக்கு 4 அடி நீளம், 2½ அடி அகலம் உள்ள தேக்கு மேல்பலகையை வைத்துக்கொள்வோம்.

1. முதலில் பலகையைப் பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்

எந்த நம்பரில் தொடங்குவது என்பதை உங்கள் பலகை இப்போது இருக்கும் நிலைதான் சொல்லும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையின் ஓரத்தில் படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சம் எல்லாப் பள்ளத்தையும் மறைத்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும்.

வாள் ஓடிய தடம் அப்படியே இருந்தால், அது உப்புத்தாளின் வேலையே அல்ல. இழைப்புளி போடுங்கள். பிளேனர் மெஷினில் கொடுத்து வாங்கிய பலகை என்றால் குறுக்கே சின்னச் சின்ன அலைகள் தெரியும். அதற்கு 80 போதும். கூரான இழைப்புளி சுத்தமாக ஓடிய பலகைக்கு 120 அல்லது 150-இல் தொடங்கலாம். அதன் மேல் 80 போடுவது, நன்றாக இருக்கும் முகத்தை நாமே கீறிவிட்டு அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் செலவழிப்பதுதான்.

பலகையோடு பலகை ஒட்டிய இணைப்பில் நகம் தட்டும் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தால் அதையும் இழைப்புளியால் முடித்துவிடுங்கள். அந்த மேட்டைத் தாளால் மட்டும் இறக்கப் பார்த்தால் அக்கம்பக்கம் எல்லாம் குழிந்து, சாப்பாட்டுத் தட்டு ஆடும் மேசையாகிவிடும்.

இணைப்பில் பிதுங்கிக் காய்ந்த பசையைத் தாள் தொடுவதற்கு முன்பே உளியாலோ ஸ்கிரேப்பராலோ சுரண்டி எடுங்கள். தேய்க்கும் சூட்டில் வெள்ளைப் பசை இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். அந்தத் தாள் அத்தோடு வீண்.

2. நிறுத்தும் நம்பரை மேலே பூசப்போவது முடிவு செய்யும்

"எவ்வளவு நைசாகப் போட்டாலும் நல்லதுதானே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்லதல்ல. பூச்சு பிடிக்க மரத்துக்கு மேல் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) மரத்துக்குள் இறங்க நார்களின் வாய் திறந்திருக்க வேண்டும். 400 வரை தேய்த்த பலகையில் ஸ்டெயின் அடித்துப் பாருங்கள், வெளிறிப்போய்த் திட்டுத்திட்டாக நிற்கும்.

நான் நிறுத்தும் இடங்கள் இவை:

- எனாமல் பெயிண்ட் அடிப்பதென்றால் 120, மிஞ்சினால் 150.
- ஸ்டெயின் ஏற்றி மேலே வார்னிஷ் என்றால் 180.
- நிறம் ஏற்றாமல் பியூ (பாலியூரித்தேன்), மெலமைன், வார்னிஷ் போன்ற தெளிவான பூச்சு என்றால் 220.
- ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சு, பிரெஞ்ச் பாலிஷ் (அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவது) என்றால் 240 அல்லது 320. இவற்றில் படலம் மெல்லியது, அடியில் இருக்கும் கீறலை மறைக்காது.

நம் மேசைப் பலகை பிளேனர் மெஷினில் கொடுத்து வாங்கியது, பூசப்போவது நிறமில்லாத பியூ என்று வைத்துக்கொள்வோம். ஆக, 80-இல் தொடங்கி 220-இல் நிறுத்தப் போகிறோம்.

3. நடுவில் உள்ள படிகள்: ஒன்றரை மடங்குக்கு மேல் தாண்டாதீர்கள்

நம்பர் கூடக் கூட மணி, அதாவது தாளில் ஒட்டியிருக்கும் வெட்டும் துகள், சின்னதாகும். பி 80 தாளில் ('பி' என்ன என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்) ஒரு மணி சுமார் 0.2 மில்லிமீட்டர். பி 120-இல் 0.125. பி 180-இல் 0.08. பி 220-இல் கிட்டத்தட்ட 0.07. பி 60-இல் 0.27 மில்லிமீட்டர்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு வேலைதான்: முந்தின தாள் போட்ட கீறலை எடுத்துவிட்டு, அதைவிடச் சின்னக் கீறலை வைப்பது. 0.07 மில்லிமீட்டர் மணியை வைத்து 0.27 மில்லிமீட்டர் மணி உழுத பள்ளத்தைத் துடைக்கப் பார்த்தால், கை ஓய்ந்துவிடும், பள்ளம் போகாது. மேட்டின் உச்சி மட்டும் பளபளக்கும், அதனால் தடவினால் வழவழப்பாக இருக்கும். பூச்சு விழுந்ததும் அடிப்பள்ளம் தெரிந்துவிடும். அந்தத் தம்பியின் மேசையில் நடந்தது இதுதான்.

அடுத்த தாளின் நம்பர் கையில் உள்ளதைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். 80, 120, 180, 220. இது போதும். 100, 150 எல்லாம் வாங்கி ஒவ்வொரு படியிலும் ஏற வேண்டியதில்லை. அது நேரத்தைத் தின்னும், பலன் கண்ணுக்குத் தெரியாது.

கையால் தேய்ப்பதென்றால், 10 சதுர அடி தேக்குக்கு நான் 80-இல் மூன்று முழுத்தாள், 120-இலும் 180-இலும் இரண்டிரண்டு, 220-இல் ஒன்று எடுத்துப் போவேன். 80-ஐக் குறைத்து வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் சிக்கனம். மழுங்கிய 80 வெட்டாது, தேய்க்க மட்டும் செய்யும். மரத்துக்குச் சூடும் உங்களுக்குத் தோள்வலியும்தான் மிச்சம்.

4. தாளைத் திருப்பி முதுகைப் படியுங்கள்

கடைக்காரர் எடுத்துத் தரும் தாளை அப்படியே சுருட்டி வாங்கி வராதீர்கள். தேவையான எல்லாம் முதுகில் அச்சாகியிருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் மஞ்சளும் இன்னொரு கம்பெனியின் மஞ்சளும் ஒன்றல்ல.

*எண்ணுக்கு முன்னால் 'பி' இருக்கிறதா?* இருந்தால் அது ஐரோப்பிய அளவு. வெறும் எண் என்றால் பெரும்பாலும் அமெரிக்க அளவு. 220 வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதற்கு மேலே வழி பிரிகிறது: வெறும் 320 என்பது பி 400-க்குச் சமம், வெறும் 600 என்பது பி 1200-க்குப் பக்கம். ஒரே வேலையில் இரண்டையும் கலந்தால், ஏறுகிறோம் என்று நினைத்து இறங்கிக்கொண்டிருப்போம். ஒரு வேலைக்கு ஒரே வகையாக வாங்குங்கள்.

*மணி எது?* மரத்துக்கு அன்றாடம் அலுமினியம் ஆக்சைடு. அதன் மணி தேயும்போது உடைந்து புது முனை காட்டும், அதனால் நெடுநேரம் வெட்டும். கார்னெட் என்பது கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் செக்கச்செவேல் என்று தெரிகிறதே, அந்தக் கல்தான். அது சீக்கிரம் மழுங்கும். ஆனால் மழுங்கின முனை போடும் கீறல் மென்மையானது, கடைசிக் கைத்தேய்ப்புக்கு அருமையாக இருக்கும், கிடைத்தால் விடாதீர்கள். சிலிக்கன் கார்பைடு கருத்த நிறத்தில் வரும், கடைகளில் வாட்டர் பேப்பர் என்பார்கள். கூர்மை அதிகம், சட்டென்று உடைந்து போகும். அது பூச்சின் மேல் தேய்க்கத்தான், பூச்சு இல்லாத வெறும் மரத்தில் வீண். செராமிக் மணி விலை கூடுதல். மெஷினில் 60, 80 போட்டு நிறைய எடுக்கும்போது மட்டும் அந்த விலைக்குத் தகும்.

இரும்புக்குப் போடும் கறுப்பு எமரித் துணியை மரத்தில் தொடவே வேண்டாம். வெட்டு மந்தம். கறுப்புத் துகள் நாருக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் வெளிர் மரத்தில் அந்தக் கறை போகாது.

*முதுகு எவ்வளவு கனம்?* காகித முதுகுக்கு 'ஏ' என்றால் மிக மெல்லிசு, 'சி', 'டி' நடுத்தரம், 'இ', 'எஃப்' தடிமன். கையில் மடித்துப் பிடிக்க 220-க்கு மேல் 'ஏ' நல்லது, 80-க்கு 'சி' அல்லது 'டி'. துணி முதுகில் 'ஜே' வளையும், 'எக்ஸ்' விறைப்பு. கடைசல் காலுக்கும் வளைவுக்கும் 'ஜே' துணி வாங்குங்கள்.

*மணி நெருக்கமா, கலைவா?* இதை அச்சைவிடக் கண்ணால் பார்த்துவிடலாம். மணிகளுக்கு இடையே முதுகு தெரிந்தால் கலைவான தாள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, அதன் தூள் மாவாகத் திரண்டு தாளை அடைக்கும். இடைவெளி இருந்தால் தூள் உதிர்ந்துவிடும். பழைய வார்னிஷ் எடுக்கவும் இதுதான். சில தாள்களில் வெள்ளைப் பவுடர் பூசியது போல் இருக்கும். அது ஸ்டியரேட், தூள் ஒட்டாமல் இருக்கப் போடுவது. சீலருக்கும் (மரத்தை அடைக்கும் முதல் பூச்சு) மேல் பூச்சுக்கும் நடுவே தேய்க்க அது மாதிரி வேறில்லை. ஆனால் தேய்த்த பின் நன்றாகத் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கலந்த பூச்சு அந்த இடத்தில் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

5. தாளோடு சேர்த்து வாங்கவும் செய்யவும் வேண்டியவை

முகக்கவசம்தான் முதலில். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பெரிய செதிலைத்தான் தடுக்கும். நுரையீரலுக்குப் போகும் தூள் கண்ணுக்கே தெரியாதது. குறைந்தது என் 95 கவசம், மூக்குத்தண்டில் கம்பியை அமுக்கிப் போட வேண்டும். மின்விசிறி போட்டுக்கொண்டு தேய்க்காதீர்கள், கீழே விழ வேண்டிய தூளை அது உங்கள் முகத்துக்கே திருப்பிவிடும். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி வெளியே உட்காருங்கள்.

அடுத்தது தேய்ப்புக் கட்டை. விலைக்கு வாங்க வேண்டாம். முழுத்தாள் 9 அங்குலத்துக்கு 11 அங்குலம். அதை நான்காகக் கிழித்தால் 4½-க்கு 5½. இதற்கு 4½ அங்குல நீளம், 3 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல உயரத்தில் ஒரு மரத்துண்டு போதும். தாள் அடியைச் சுற்றி இரண்டு பக்கமும் மேலே வரை வந்து நிற்கும், கட்டைவிரலும் மற்ற விரல்களும் அதைப் பிடித்துக்கொள்ளும். அடிமுகத்தில் 3 மில்லிமீட்டர் கார்க் ஷீட்டை ஒட்டிவிடுங்கள், மொத்த உயரம் அதே ஒன்றேகால் வரும்படி மரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வெறும் மரம் என்றால் இடையில் மாட்டும் ஒரு தூள்கட்டி தாளைத் துருத்தி ஒரே கோடாகக் கீறிவிடும். கார்க் அதை உள்வாங்கும்.

தாளைக் கிழிக்க ஒரு பழைய ஹாக்சா பிளேடு. ஒரு பலகையின் மேல் இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போட்டு, அடியில் தாள் நுழையும் அளவுக்கு மட்டும் தளர்வாக வையுங்கள். தாளை நுழைத்து மேல்நோக்கி இழுத்தால் நேராகக் கிழியும். கத்திரிக்கோல் போட்டால் கத்திரிக்கோல் போய்விடும்.

இன்னும் கொஞ்சம்: மென்மையான பென்சில், டார்ச், பெயிண்ட் பிரஷ், சுத்தமான பழைய பருத்தித் துணி, பழைய பாலியஸ்டர் சேலைத் துண்டு ஒன்று. மெஷின் வைத்திருந்தால், தாளைச் சுத்தம் செய்யும் கிரேப் ரப்பர் கட்டியும் வாங்குங்கள். அடைத்த தாளை ஓடவிட்டு அதில் உரசினால் தூள் ரப்பரோடு ஒட்டி வந்துவிடும், தாளின் ஆயுள் நீளும்.

6. முதல் நம்பர்: பாதி நேரம் இங்கேதான் போக வேண்டும்

பலகை முழுக்க பென்சிலால் தாறுமாறாகக் கோடு இழுங்கள். லேசாகத்தான், அழுத்தினால் பென்சிலே பள்ளம் போட்டுவிடும். கட்டையில் 80-ஐச் சுற்றி, மரத்தின் ரேகை (நார் ஓடும் கோடு) ஓடும் திசையிலேயே, தோளிலிருந்து நீளமாக இழுங்கள். ரேகைக்குக் குறுக்கே போனால் நார் அறுந்து கீறல் ஆழமாக விழும், அதை எடுக்க அடுத்த தாளால் முடியாது.

ஓரத்துக்கு வரும்போது கட்டையின் பாதிக்கு மேல் பலகையிலேயே இருக்கட்டும். முக்கால் கட்டை வெளியே போனால் அது சாயும், விளிம்பு உருண்டுவிடும்.

பென்சில் கோடு எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது கோடு அப்படியே நின்றால் அது பள்ளம். உடனே விரலைத் தாளுக்குப் பின்னால் வைத்து அந்த இடத்தை மட்டும் குடையத் தோன்றும். செய்யாதீர்கள். பள்ளத்தைப் பெரிதாக்கத்தான் அது உதவும். சுற்றியிருக்கும் மேட்டை இறக்கிக்கொண்டே வாருங்கள், கோடு தானாகக் கரையும். கோடு முழுக்கப் போனதும் மறுபடி ஒருமுறை போட்டு, மறுபடி அழியுங்கள். இரண்டாவது தடவை எல்லா இடமும் ஒன்றாக அழிந்தால் பலகை மட்டமாகிவிட்டது.

பிளேனர் அலை, இழைப்புளி பெயர்த்த நார், பசைக்கறை ஆகிய மூன்றும் 80-இலேயே ஒழிய வேண்டும். "120-இல் போய்விடும்" என்று விட்டுவைத்தது எதுவும் போகாது. மேலே உள்ள தாள்கள் கீறலை மட்டுமே எடுக்கும், குறையை எடுக்காது. எனக்கு ஒரு மேசைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால் அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் 80-க்கே போகிறது. 120, 180, 220 ஒவ்வொன்றும் கால் மணி, இருபது நிமிஷம்.

7. நம்பர் மாற்றும் முன் செய்ய வேண்டிய மூன்று காரியம்

பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டு, துணியால் துடைத்து, கட்டையின் கார்க்கையும் துடையுங்கள். 80-இன் ஒரு மணி உதிர்ந்து பலகையில் கிடந்தால், அதை 180 தாளுக்கு அடியில் வைத்து நீங்களே இழுப்பீர்கள். தனியாக ஒரு நீளக் கீறல் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதற்கு இதுதான் பதில்.

டார்ச்சைப் படுக்க வைத்துப் பாருங்கள். முந்தின நம்பரின் கீறல் ஒன்றாவது வித்தியாசமாகத் தெரிந்தால் மேலே போகாதீர்கள். கையால் தேய்க்கிறவர்களுக்கு ஒரு உபாயம்: 120-ஐ ரேகைக்குக் கொஞ்சம் சாய்வாக, ஒரு பத்து டிகிரிக்குத் தேய்த்தால், 80-இன் நேர்க்கீறல் தனியாகக் கண்ணில் படும். அது போனதும் அதே 120-ஐ நேராக நாலு இழுப்பு. 220-ஐ மட்டும் முழுக்க நேராகவே போடுங்கள்.

மூன்றாவது, நம்பர் மாற்றும்போது பென்சில் கோடு மறுபடி போடுங்கள். எந்த இடத்தைத் தேய்த்தோம் எதை விட்டோம் என்பதைக் கண்ணால் ஞாபகம் வைக்க முடியாது, ஓரங்களில் நிச்சயம் விட்டுப்போகும்.

கீறல் போனதா என்று சந்தேகம் இருந்தால் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை. பூச்சு விழுந்தால் எப்படித் தெரியுமோ அப்படியே அரை நிமிஷம் தெரியும். மறைந்திருக்கும் பசைக்கறை வெளிறிய தீவாக நிற்கும். இதை 180 முடிந்ததும் செய்வது நல்லது, திரும்பிப் போக இன்னும் தூரம் குறைவு. தின்னரோடு நெருப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

8. மெஷின் வைத்துத் தேய்ப்பவர்களுக்கு

வட்டத்தாள் மாட்டும் ஆர்பிட்டல் சேண்டர்தான் இன்று பலர் வீட்டிலும் இருக்கிறது. 125 மில்லிமீட்டர் தாளில் பொதுவாக எட்டு ஓட்டை. மெஷின் பேடின் ஓட்டையும் தாளின் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். தூள் அந்த வழியாகத்தான் உறிஞ்சப்படும். ஓட்டை மாறினால் தூள் தாளுக்கு அடியிலேயே உருண்டு, வளைய வளையமாகக் கீறும். ஓட்டையில்லாத மலிவுத் தாளை வாங்கி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பலகையில் வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். அந்தரத்தில் முழு வேகத்தில் சுற்றும் தாளை இறக்கினால், தொட்ட இடத்தில் வளையம் விழும். நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தாதீர்கள். மெஷினின் எடையும் கையின் எடையுமே போதும். அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வுதான் இருக்கும், சூட்டில் பேடின் கொக்கிகள் உருகித் தாள் கழன்று பறக்கும். பேடின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றுவது தெரிய வேண்டும், நின்றுவிட்டால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

மெஷினில் 180 வரை போய்விட்டு, 220-ஐக் கட்டையில் சுற்றிக் கையால் ரேகைவாக்கில் முடிப்பதுதான் என் வழக்கம். மெஷின் வளையத்தை நேர்க்கோடாக மாற்றினால் ரேகையோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

பெல்ட் சேண்டரைப் புதியவர்கள் மேசைப் பலகையில் வைக்க வேண்டாம் என்று சொல்வேன். ஒரு நொடி நின்றால் குழி. வைத்தே ஆக வேண்டுமென்றால் பெல்ட்டின் உள்பக்க அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள், திருப்பி மாட்டிய பெல்ட் ஒட்டிய இடத்தில் அறுந்துவிடக்கூடும்.

9. வெட்டுமுகம், விளிம்பு, வளைவு

ரேகைக்குக் குறுக்கே அறுத்த வெட்டுமுகம் வைக்கோல் கட்டின் நுனி மாதிரி, ஒவ்வொரு நாரும் உறிஞ்சுகுழல். பூச்சை மற்ற முகத்தைவிட அதிகமாகக் குடித்துக் கறுத்துப்போகும். அதனால் மேல்முகம் 220 என்றால் வெட்டுமுகத்தை 320 வரை கொண்டு போங்கள். நுண்ணிய தாள் அந்த வாய்களைக் கொஞ்சம் மூடிவிடும், நிறம் ஒத்துப்போகும்.

கூர் விளிம்பை 180-ஆல் கட்டையைச் சாய்த்து இரண்டு மூன்று இழுப்பு இழுத்து உடைத்துவிடுங்கள். கத்தி மாதிரி நிற்கும் விளிம்பில் பூச்சு தங்காது, முதலில் அங்கேதான் உரியும். இதைக் கடைசியில் செய்யுங்கள், முதலிலேயே உடைத்தால் முகத்தைத் தேய்க்கும்போது மேலும் உருண்டு கோணலாகும்.

உள்வளைவுக்குப் பொருத்தமான பிவிசி குழாய்த் துண்டில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரலின் மேடு பள்ளம் வளைவில் இறங்கும். கையில் பிடித்துத் தேய்க்கும் துண்டை மூன்றாக மடியுங்கள். இரண்டாக மடித்து மறுபடி மடித்தால் மணியும் மணியும் உரசி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கடைசலில் சுற்றும் காலைத் தேய்க்கும்போது தாளை விரலிலோ கையிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்த காகிதத் தாளை நுனி விரலால் அடிப்பக்கமாகப் பிடியுங்கள். மாட்டினால் காகிதம் கிழிந்துவிடும். துணி கிழியாது, கையை இழுத்துவிடும். 'ஜே' துணியைக் கடைசல் நின்ற பிறகு பயன்படுத்துங்கள்.

10. தேக்கு பிளைவுட் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது

மேலே ஒட்டியிருக்கும் தேக்குத் தோல் பல நேரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 80-ஐ மெஷினில் மாட்டி ஒரு மூச்சு நின்றால் தோல் போய் அடிமரம் பழுப்பாகத் தெரியும். அதற்கு மருந்தில்லை. கையால், கட்டையோடு, 180-இல் தொடங்கி 220-இல் முடியுங்கள். விளிம்புப் பட்டியை மட்டப்படுத்தும்போதுதான் பலர் தோலை அறுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் பென்சில் கோடு போட்டு, அது மங்கும்போதே நிறுத்துங்கள்.

11. தண்ணீர் தொட்டு நாரை எழுப்புவது

தண்ணீர் கலந்த ஸ்டெயினோ பூச்சோ அடிப்பதாக இருந்தால் மட்டும் இந்தப் படி. 220 முடிந்ததும் துணியை நனைத்துப் பிழிந்து பலகை முழுக்க ஒரே சீராகத் துடையுங்கள். அமுங்கிக் கிடந்த நார் விறைத்துக்கொண்டு எழும்பும். நன்றாகக் காய விடுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி ஆகும். பிறகு சற்றே பழசான 220-ஆல், கையின் எடை மட்டும் வைத்து, எழுந்த நுனியை வெட்டிவிடுங்கள். அழுத்தினால் அடியிலிருந்து புது நார் கிளம்பி வேலை மறுபடி தொடங்கும்.

இப்போது அந்த பாலியஸ்டர் சேலைத் துண்டை எடுத்துப் பலகை மேல் லேசாக இழுங்கள். எங்கேயாவது நூல் தட்டினால், விரலுக்குத் தெரியாத நார் அங்கே நிற்கிறது.

12. கோட்டிங்குகளுக்கு நடுவே

முதல் கோட்டிங் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தாள். காயாத பூச்சு தாளில் உருண்டைகளாகச் சுருண்டு ஒட்டும், அப்படி ஒட்டினால் நிறுத்திவிட்டு இன்னும் காத்திருங்கள். வெள்ளைப் பவுடர் பூசிய 320-ஐக் கையில் வைத்து, மினுமினுப்பு மங்கும் வரை மட்டும் தேய்த்தால் போதும். நோக்கம் மேலே உட்கார்ந்த தூசியை எடுப்பதும், அடுத்த கோட்டிங் பிடிக்க இடம் கொடுப்பதும்தான். விளிம்பில் கை இன்னும் லேசாகப் போக வேண்டும், படலம் அங்கே மெல்லிசு.

ஸ்டீல் வூலைத் தண்ணீர்ப் பூச்சுக்கு முன்னால் வேண்டாம். உடைந்த இரும்பிழை நாருக்குள் தங்கித் துருப்பிடிக்கும். டானின் (மரத்தின் துவர்ப்புச் சத்து) நிறைந்த மரத்தில் அது கறுப்புப் புள்ளியாகவே மாறிவிடும்.

மேல் கோட்டிங்கைக் கண்ணாடி மாதிரி கொண்டுவர விரும்புகிறவர்கள், பூச்சு முழுக்க இறுகிய பிறகு, வாட்டர் பேப்பர் பி 800, பி 1200 என்று, ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் தொட்டுத் தேய்த்து, பிறகு பாலிஷ் பேஸ்ட் போடலாம். பிரெஞ்ச் பாலிஷ் மேல் தண்ணீர் வேண்டாம், வெளுத்துப் பூக்கும், அதற்கு மெல்லிய எண்ணெய்.

13. மிச்சமான தாள்

காகிதம் ஈரத்தில் சுருளும், மட்டமாக நிற்காது. நம்பர் வாரியாகப் பிரித்து, பிளாஸ்டிக் டப்பாவில் மட்டமாக அடுக்கி, மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து மூடுங்கள். கிழித்த துண்டுகளில் நம்பர் அச்சு இருக்கும் பகுதி போய்விடும். கிழித்த உடனே ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பேனாவால் நம்பரை எழுதி வையுங்கள். நம்பர் தெரியாத தாள் ஒன்று கையில் மிஞ்சினால், அதை மேசையில் போடாதீர்கள், மண்வெட்டிக் காம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.